பழைய காரோடு களமிறங்கலாமா? சூப்பர் அகுரியின் 2006 கணக்கு

ஃபார்முலா ஒன்னில் ஒரு காரின் ஆயுள் ஒரு வருடம்தான். சீசன் தொடக்கத்தில் புத்தம் புதிதாக வரும், சீசன் முடிவதற்குள் கிழடாகிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 2006 மார்ச் 12 அன்று, பஹ்ரைனில், ஒரு புது அணி 2002ஆம் வருடத்துக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. சிறகுகளை மாற்றி, புது இன்ஜின் வைத்து, வெள்ளையும் சிவப்புமாக வண்ணம் அடித்திருந்தார்கள். ஆனால் ஓட்டுநர் உட்காரும் அந்தக் கார்பன் ஃபைபர் கூடு, திவாலாகிப் போன ஆரோஸ் அணியுடையது. புது அணியின் பெயர் சூப்பர் அகுரி.

அன்றைக்குச் சிரித்தவர்கள் நிறையப் பேர். டகுமா சாட்டோ நான்கு சுற்றுகள் பின்தங்கி 18ஆவதாக வந்தார். சக ஓட்டுநர் யூஜி இடேயின் கார் பந்தயத்தை முடிக்கவே இல்லை. சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் அவர்களுக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், பழைய கார்தான் சரியான முடிவு என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு அவர்கள் போன பாதை பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். பொதுவாக எல்லோரும் அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கையில் இருந்ததும் இல்லாததும்

அகுரி சுசுகி 1990இல் சுசுகா பந்தயத்தில் மூன்றாவதாக வந்து, ஃபார்முலா ஒன் மேடையேறிய முதல் ஜப்பானிய ஓட்டுநர் ஆனவர். 2005இன் கடைசியில் அவர் அணி தொடங்கக் கிளம்பியபோது பின்னால் ஹோண்டா இருந்தது. பிஏஆர் அணியை முழுதாக வாங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்த ஹோண்டா, 2006க்கு ஜென்சன் பட்டனையும் ரூபன்ஸ் பாரிக்கெல்லோவையும் வைத்துக்கொண்டது. 2005இல் அங்கே ஓட்டிய சாட்டோவுக்கு இடமில்லை. ஜப்பானில் அவருக்கு இருந்த ரசிகர் கூட்டம் அதை லேசில் விடுவதாக இல்லை. சாட்டோவுக்கு ஒரு இடம் வேண்டும், ஹோண்டாவுக்கு ஊரில் நல்ல பெயர் வேண்டும். இன்ஜின் ஹோண்டாவுடையது, அணி சுசுகியுடையது என்கிற ஏற்பாடு இப்படித்தான் உருவானது.

ஆக இன்ஜினுக்குக் கவலையில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் டயரும் கிடைத்தது. பட்டறைக்கு இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பகுதியில் லீஃபீல்ட் என்ற ஊரில் இடம் கிடைத்தது. அது ஒருகாலத்தில் ஆரோஸ் அணி இருந்த அதே வளாகம். தொழில்நுட்ப இயக்குநராக வந்த மார்க் பிரஸ்டனும் பழைய ஆரோஸ்காரர்தான். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இல்லாதவை மூன்று: கார், பணம், நேரம். அப்போதெல்லாம் புது அணி ஒன்று உள்ளே வர 48 மில்லியன் டாலர் வைப்புத்தொகை கட்டவேண்டும். நாலு பந்தயம் ஓடிவிட்டு மூட்டையைக் கட்டும் உதிரி அணிகளைத் தடுக்க வைத்த வேலி அது. அந்தப் பணம் நேரத்துக்குப் போய்ச் சேராததால், டிசம்பர் தொடக்கத்தில், கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ வெளியிட்ட 2006 பட்டியலில் சூப்பர் அகுரியின் பெயரே இல்லை. பிறகு பணம் திரட்டி, மற்ற அணிகளின் சம்மதத்தையும் வாங்கி, கடைசியில் அனுமதி கிடைத்த நாள் ஜனவரி 26. முதல் பந்தயத்துக்கு 45 நாள் இருந்தது.

போன வருடக் காரை வாங்கினால்?

யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் யோசிப்பார்கள். 2005இல் சாட்டோ ஓட்டிய பிஏஆர் 007 இருக்கிறது. ஹோண்டா குடும்பத்துக் கார், ஒரே ஒரு வயது. அதில் புது இன்ஜினை வைத்தால் போதாதா? சுசுகி தரப்பின் முதல் எண்ணமும் இதுதான்.

தடுத்தது கன்கார்ட் ஒப்பந்தம். ஃபார்முலா ஒன் அணிகளுக்கும் எஃப்ஐஏவுக்கும் வணிக உரிமை வைத்திருப்பவர்களுக்கும் இடையே இருந்த இந்த உடன்பாட்டின்படி, ஒவ்வொரு அணியும் தன் காரின் வடிவமைப்பு உரிமையைத் தானே வைத்திருக்கவேண்டும். களத்தில் உள்ள இன்னொரு அணியின் காரை அப்படியே வாங்கி ஓட்டக்கூடாது. பணக்கார அணி ஒன்று தன் காரையே நாலு பேருக்கு விற்று, களத்தை ஒரே காரால் நிரப்பிவிடக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். சொல்லப்படாத காரணமும் உண்டு. தங்கள் கையால் காரை வடிவமைத்து, அந்தச் செலவிலேயே மூச்சு முட்டிக்கொண்டிருந்த சின்ன அணிகளுக்கு, தயார் காரோடு வருகிறவன் மேல் வயிற்றெரிச்சல்.

இங்கே ஒரு விசித்திரம் வருகிறது. உயிரோடு இருக்கும் அணியின் காரை வாங்க முடியாது, செத்துப்போன அணியின் காரை வாங்கலாம். அதன் வடிவமைப்பு உரிமையையும் சேர்த்து வாங்கிவிட்டால் அது உங்கள் கார். சரி, 2005 கடைசியில் அண்மையில் செத்த அணிகள் எவை? ஜாகுவார் சாகவில்லை, ரெட் புல்லாக மாறிவிட்டது. ஜோர்டான் மிட்லண்டாகிவிட்டது. மினார்டி டோரோ ரோஸோ ஆகிவிட்டது. உண்மையிலேயே மூடப்பட்டவை புரோஸ்ட்டும் (கடைசிக் கார் 2001) ஆரோஸும் (கடைசிக் கார் 2002) மட்டும்தான். கிடைத்ததிலேயே இளையது ஆரோஸ் ஏ23. நான்கு வயதுக் காரை அவர்கள் கஞ்சத்தனத்தால் எடுக்கவில்லை, விதி அவர்களைத் தள்ளிவிட்ட இடம் அது. பலரும் இதைக் கவனிப்பதில்லை.

புரோஸ்ட் காரை வைத்து இதே வேலையை 2002இலேயே ஒரு கூட்டம் முயன்று பார்த்தது. ஃபீனிக்ஸ் என்ற பெயரில் புரோஸ்ட்டின் மிச்சசொச்சங்களை வாங்கி, மலேசியப் பந்தயத்துக்குப் போய் நின்றார்கள். அணியின் சொத்தை வாங்கினால் அதன் இடமும் கூடவே வராது என்று எஃப்ஐஏ திருப்பி அனுப்பிவிட்டது. 2010இல் செர்பியாவின் ஸ்டெஃபான் ஜிபி அதைவிடப் பரிதாபம். விலகிப்போன டொயோட்டாவின் 2010 காருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கார் பழசுகூட இல்லை, ஒரு பந்தயமும் ஓடாத புதுக் கார். ஆனால் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. முதலில் இடம், அப்புறம் கார் என்ற வரிசையை மாற்றினால் இதுதான் கதி.

நாமே செய்துவிட்டால்?

கௌரவமான வழி. 45 நாளில் முடியாது என்பது மட்டும் குறை.

ஃபார்முலா ஒன் காரின் நடுக்கூட்டை அச்சு செய்து, கார்பன் அடுக்குகளைப் பதித்து, சூளையில் வேகவைத்து எடுப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன்னால், காரின் மேல் காற்றை வீசச்செய்து வடிவத்தைச் சோதிக்கும் விண்ட் டனல் வேலை, அதற்குப் பின்னால் எஃப்ஐஏவின் மோதல் சோதனைகள். முன்மூக்கு, பக்கவாட்டு, தலைக்கு மேலுள்ள வளைவு எல்லாம் தேறினால்தான் பந்தயம். ஒன்று உடைந்தாலும் திரும்ப முதலிலிருந்து.

அவசரத்தில் பிறந்த காருக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. 1997இல் லோலா நிறுவனம் வந்தது. பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் பந்தயக் கார் செய்து விற்றவர்கள். 1998இல் வருவதாகத்தான் திட்டம். மாஸ்டர்கார்டு விளம்பரப் பணம் வந்ததும் ஒரு வருடம் முன்னால் இழுத்துவிட்டார்கள். மெல்பர்ன் தகுதிச் சுற்றில் இரண்டு கார்களுமே முதலிடத்தைவிட 11 வினாடிக்கு மேல் மெதுவாக ஓடின. முதலிட நேரத்தின் 107 விழுக்காட்டுக்குள் வராதவர்களுக்குப் பந்தயத்தில் இடமில்லை என்ற விதி அப்போது இருந்தது. இரண்டு பேரும் வெளியே. அடுத்த பந்தயத்துக்குள் அணியே இல்லை, லோலா நிறுவனமும் அந்த வருடமே கடனில் மூழ்கியது. அனுபவம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, அவர்களிடம் இல்லாதது நேரம்.

நமக்குக் கொஞ்சம் பக்கத்து உதாரணம் எச்ஆர்டி. 2010இல் அந்த ஸ்பானிய அணியின் காரை இத்தாலியின் டல்லாரா செய்துகொடுத்தது. நல்ல நிறுவனம்தான், ஆனால் அணியிடம் பணம் தட்டுப்பட்டு வேலை இழுத்தடித்தது. கடைசி நேரத்தில் அணியே கைமாறியது. சென்னைக்காரர் கருண் சந்தோக்கின் கார் முதன்முதலாக உருண்டதே பஹ்ரைன் தகுதிச் சுற்றில்தான். ஒரு ஒத்திகையும் கிடையாது. ஃபார்முலா ஒன்னில் தன் முதல் தகுதிச் சுற்றை, அதுவரை ஒரு மீட்டர்கூட ஓடாத காரில் ஓட்டியிருக்கிறார் மனிதர். பந்தயத்தில் இரண்டாவது சுற்றுக்குள் முடிந்துவிட்டது. அந்த வருடம் அவருடைய சிறந்த இடம் 14, அந்தக் காரை வைத்துக்கொண்டு அதுவே சாதனை என்பேன்.

இதில் கவனிக்கவேண்டியது, எச்ஆர்டி புதுக் காரோடு வந்தும் பழைய கார் அணியாகத்தான் வாழ்ந்தது. டல்லாராவோடு உறவு முறிந்ததால் 2010 முழுக்கக் காரில் பெரிதாக எந்த முன்னேற்றமும் இல்லை. 2011க்கு அதையே திருத்திக் கொண்டுவந்தார்கள். கோவையின் நரைன் கார்த்திகேயன் அந்த வருடம் அங்கே சேர்ந்தார். அதே வருடம் 107 விழுக்காடு விதியும் திரும்ப வந்திருந்தது. மெல்பர்னில் நரைனும் சக ஓட்டுநர் லியுட்ஸியும் தகுதி பெறவில்லை. மறுவருடம் அதே ஊரில் அதே கதை. காரின் வயதை எண்ணுவதைவிட, அதன் பின்னால் ஒரு வடிவமைப்புக் குழு உட்கார்ந்து வேலை செய்கிறதா என்று கேட்பது உபயோகமானது.

ஒரு வருடம் பொறுத்தால்?

டொயோட்டா அப்படித்தான் செய்தது. 2001 முழுவதும் ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளாமல், சோதனைக் கார் ஒன்றை ஊர் ஊராகப் பந்தயத் தடங்களுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பழகியது. 2002 மெல்பர்னில் முதல் பந்தயம். மிக்கா சாலோ ஆறாவது, முதல் நாளிலேயே ஒரு புள்ளி. பாடப்புத்தகத்தில் போடவேண்டிய தொடக்கம். ஆனால் ஒரு வருடம் வருமானமே இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுக்க டொயோட்டாவால் முடியும். சுசுகியால் முடியாது. சாட்டோவுக்கு 2006இலேயே இடம் வேண்டும் என்பதற்காகப் பிறந்த அணிக்கு 2007இல் வருகிறேன் என்று சொல்லும் சுதந்திரமும் இல்லை.

(அதே மெல்பர்ன் பந்தயத்தில்தான் நம் கதாநாயகன் ஆரோஸ் ஏ23க்கும் அரங்கேற்றம். இரண்டு ஆரோஸ் கார்களும் விதிமீறலுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. சகுனம் பார்ப்பவர்கள் அன்றைக்கே ஒதுங்கியிருப்பார்கள்.)

இன்னொரு வழி, ஓடிக்கொண்டிருக்கும் அணியையே வாங்கிவிடுவது. கார், ஆட்கள், பட்டியலில் இடம், பரிசுப் பணத்தில் பங்கு எல்லாம் ஒரே கையெழுத்தில் வந்துவிடும். மிட்லண்ட் முதலில் டல்லாராவிடம் காருக்குச் சொல்லி வைத்துவிட்டு, பிறகு ஜோர்டானையே வாங்கிவிட்டது. ரெட் புல் ஜாகுவாரையும் மினார்டியையும் வாங்கியது. பணம் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சுசுகி கிளம்பிய நேரத்தில் அந்தச் சின்ன அணிகள் எல்லாம் ஏற்கெனவே விலைபோயிருந்தன என்பதோடு இதை முடித்துக்கொள்வோம்.

மிச்சமிருந்தது ஏ23

ஆரோஸ் 2002இல் ஹாக்கன்ஹைம் பந்தயத்தோடு மூச்சை நிறுத்தியது. கலைப்பில் விற்ற கார்களை வாங்கி வைத்திருந்தவர் மினார்டியின் அன்றைய உரிமையாளர் பால் ஸ்டோடார்ட். மினார்டியை ரெட் புல்லுக்கு விற்ற கையோடு, ஆரோஸ் கூடுகளை சுசுகிக்கு விற்றார். வியாபாரி என்றால் அவர் வியாபாரி.

ஏ23 மோசமான கார் அல்ல. செர்ஜியோ ரின்லண்டும் மைக் காஃப்லனும் வடிவமைத்தது. 2002இல் பணமில்லாத அணி ஒன்றுக்காக ஹைன்ஸ் ஹரால்ட் ஃப்ரென்ட்ஸன் அதை பார்சிலோனாவிலும் மொனாக்கோவிலும் ஆறாவது இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய கார், சூப்பர் அகுரிக்கும் அதே டயர். பிறந்த வளாகத்திலேயே மறுபடியும் பிரித்துப் பூட்டப்பட்டது, அதை அறிந்தவர்கள் கையால். முன்னால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். அறியாத ஒருவரின் காரை வாங்கினால் வரைபடம் புரியவே இரண்டு மாதம் போய்விடும். இவர்களுக்கு அந்தச் செலவு இல்லை.

வேறு செலவுகள் இருந்தன. ஏ23 மூன்று லிட்டர் காஸ்வொர்த் வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜினுக்காகச் செய்யப்பட்டது. 2006இலிருந்து விதி 2.4 லிட்டர் வி8. இன்ஜினின் நீளம் வேறு, கூட்டோடு பூட்டும் புள்ளிகள் வேறு, வெப்பத்தைத் தணிக்கும் தேவை வேறு. ஃபார்முலா ஒன் காரில் இன்ஜின் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. அதுவே காரின் முதுகெலும்பில் ஒரு பகுதி, பின்சக்கரங்களின் பாரம் அதன் வழியாகத்தான் கூட்டுக்கு வருகிறது. அதனால் இன்ஜின் மாற்றுவது பழைய வீட்டுக்குப் புது வயரிங் போடுவது போல, சுவரை உடைக்காமல் நடக்காது. போதாததற்கு 2005இல் காற்றியக்க விதிகளையும் பெரிதாக மாற்றியிருந்தார்கள். முன்சிறகு உயர்ந்தது, பின்சிறகு முன்னால் நகர்ந்தது, காரின் அடிப்பக்கம் பின்னால் மேலெழும் உயரம் குறைந்தது. 2002இல் விண்ட் டனலில் கற்ற பாடங்களில் பாதி செல்லாது. எல்லாம் சேர்ந்து, கனமான, காற்றைச் சரியாகப் பிடிக்காத, ஆனால் விதிப்படி செல்லுபடியாகிற ஒரு கார் பிறந்தது. பெயர் எஸ்ஏ05.

இன்னொரு சின்ன அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 107 விழுக்காடு விதி 2003இலிருந்து 2010 வரை இல்லை. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் பந்தயத்தில் நிற்க இடம் உண்டு. அந்த விதி நடப்பில் இருந்திருந்தால், பழைய கார் என்ற யோசனையையே நான் ஆதரித்திருக்க மாட்டேன். தகுதிச் சுற்றோடு வீட்டுக்குப் போகும் காருக்கு எந்த விளம்பரதாரரும் பணம் தரமாட்டார்.

2006 சொன்ன பதில்

அந்த வருடத்தின் கடைசி வரிசை ஒரு நல்ல பரிசோதனைக் கூடம். மூன்று அணிகள், மூன்று வழிகள், ஒரே சீசன்.

டோரோ ரோஸோ ஓட்டியது கிட்டத்தட்ட 2005இன் ரெட் புல் ஆர்பி1. ஒரு வயதுக் கார் எப்படி அனுமதிக்கப்பட்டது? அது ஜாகுவார் வடிவமைத்தது, ஜாகுவார்தான் இப்போது களத்தில் இல்லையே என்பது வாதம். செத்த அணியின் கார் என்ற அதே சந்துவழி, வயது மட்டும் ஒன்று. கூடவே பழைய வி10 இன்ஜினையும் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். சுழற்சி வேகத்துக்கு உச்சவரம்பு போட்டு, காற்று போகும் வழியையும் இறுக்கி, வி8களுக்குச் சமமாக்கிவிட்டதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சீசன் முழுக்க முணுமுணுத்தார்கள். இண்டியானபொலிஸில் லியுட்ஸி எட்டாவது, ஒரு புள்ளி.

மிட்லண்ட் சொந்தமாகப் புதுக் கார் செய்தது, டொயோட்டா வி8 வைத்தது. சீசன் முழுவதும் பூஜ்யம். சீசன் முடிவதற்குள் ஸ்பைக்கருக்கு விற்கப்பட்டது.

சூப்பர் அகுரியும் பூஜ்யம். ஆக, நான்கு வயதுக் காரோடு வந்தவனும் புதுக் காரோடு வந்தவனும் புள்ளியில் சமம்! வேகத்தில் சமமில்லை, மிட்லண்ட் பெரும்பாலும் முன்னால்தான் இருந்தது. ஆனால் கடைசி வரிசை அணிக்கு வேகத்தைவிடப் புள்ளிதான் பணம். அப்போது முதல் பத்து இடத்துக்குள் வரும் அணிகளுக்குத்தான் பரிசுப் பணத்தில் பங்கு. 2006இல் 11 அணிகள், 11ஆவது சூப்பர் அகுரி. நூறு கோடி கொட்டிப் புதுக் கார் செய்திருந்தாலும் அவர்கள் அந்த வருடம் அங்கேதான் நின்றிருப்பார்கள்.

பழைய கார் அவர்களுக்கு வாங்கித் தந்தது வேறு. பந்தய வார இறுதியில் இயங்கத் தெரிந்த ஒரு குழு. டயரைப் பற்றிய அறிவு. இடே நிற்கமாட்டார் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. இமோலா பந்தயத்தில் அவர் மிட்லண்ட் ஓட்டுநர் ஆல்பர்ஸின் காரை மோதிக் கவிழ்த்த பிறகு எஃப்ஐஏ அவருடைய சூப்பர் லைசென்ஸையே, அதாவது ஃபார்முலா ஒன் ஓட்டும் உரிமத்தையே, பறித்தது. நல்ல காரில் இந்தப் பாடம் கற்றிருந்தால் நஷ்டம் பெரிதாக இருந்திருக்கும். ஜூலையில் பெருமளவு திருத்திய எஸ்ஏ06 வந்தது, அதுவும் ஹாக்கன்ஹைமில், ஆரோஸ் கடைசியாக ஓடிய அதே தடத்தில். சீசனின் கடைசிப் பந்தயத்தில், பிரேசிலில், சாட்டோ பத்தாவது வந்தார். பஹ்ரைனில் நான்கு சுற்றுகள் பின்தங்கிய அணிக்கு ஏழு மாதத்தில் இது சாதாரண வளர்ச்சி இல்லை.

வெளியேறும் வாசல்

இதே வேலையைச் செய்து பெரிய ஆளான ஒருவர் உண்டு, ஃபிராங்க் வில்லியம்ஸ். தன் பழைய அணி கைவிட்டுப் போனபின், 1977இல் டிட்காட்டில் ஒரு பழைய கம்பளக் கிடங்கில் புது அணி தொடங்கினார். காருக்கு மார்ச் நிறுவனத்திடமிருந்து போன வருடத்து 761ஐ வாங்கினார். அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. பெல்ஜியத்தின் பாட்ரிக் நேவ் ஓட்டினார், ஒரு புள்ளிகூட வரவில்லை. ஆனால் கார் ஓடிக்கொண்டிருந்த அதே மாதங்களில் பாட்ரிக் ஹெட் அடுத்த காரை வரைந்துகொண்டிருந்தார். 1978 தொடக்கத்தில் எஃப்டபிள்யூ06, 1979இல் சில்வர்ஸ்டோனில் முதல் வெற்றி, 1980இல் ஆலன் ஜோன்ஸுக்கும் அணிக்கும் உலகப் பட்டம். மார்ச் காரின் வேலை ஒரே வருடத்தில் முடிந்துவிட்டது. அதோடு விட்டார்.

மேனர் அணியின் 2015 நேர் எதிர் வகை. மரூஸ்யா என்ற பெயரில் 2014 அக்டோபரில் கடனில் விழுந்த அணி, 2014 காரையே திருத்தி, ஃபெராரியின் 2014 இன்ஜினோடு அடுத்த வருடம் திரும்பியது. அவர்களுக்கு இருந்த காரணம் ஒன்றே: மொனாக்கோவில் ஜூல் பியாங்கி எடுத்துத் தந்த இரண்டு புள்ளிகளால் 2014இல் ஒன்பதாம் இடம் கிடைத்திருந்தது. களத்தில் இருந்தால்தான் அந்தப் பரிசுப் பணம் கைக்கு வரும். வேகம் அவர்களுக்கு அப்போது இரண்டாம்பட்சம். மெல்பர்னில் காரை வெளியே எடுக்கக்கூட முடியவில்லை, மலேசியாவில்தான் முதல் பந்தயம். கணக்கு கச்சிதம், முடிவும் சரிதான். 2016இல் புதுக் கார், மெர்சிடிஸ் இன்ஜின், ஆஸ்திரியாவில் வேர்லைன் எடுத்த ஒரு புள்ளி. ஆனால் பிரேசிலில் சௌபர் இரண்டு புள்ளி எடுத்துப் பத்தாம் இடத்தைப் பறித்துக்கொண்டது. 2017 ஜனவரியில் அணி மூடப்பட்டது.

சூப்பர் அகுரி வில்லியம்ஸின் பாதையில் போகவில்லை. 2007க்கு அவர்கள் எடுத்தது ஹோண்டாவின் 2006 காரை, ஹங்கேரியில் பட்டனை வெற்றிமேடைக்கு ஏற்றிய அதே பரம்பரையை. இன்னொரு அணியின் காரை ஓட்டுவது விதிக்கு விரோதம் என்று ஸ்பைக்கர் நடுவர் மன்றம் வரை போய்ச் சண்டை பிடித்தது. தடத்தில் பலன் கிடைத்தது. ஸ்பெயினில் சாட்டோ எட்டாவது, அணியின் முதல் புள்ளி. கனடாவில் கடைசிச் சுற்றுகளில் நடப்பு உலக சாம்பியன் அலோன்ஸோவின் மெக்லாரனைத் தாண்டி ஆறாவது. வேடிக்கை என்னவென்றால் அந்த நேரத்தில் புதுக் காரோடு இருந்த ஹோண்டாவின் சொந்த அணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நல்ல பழசு மோசமான புதுசை அடித்த அரிய தருணம் அது.

அங்கேதான் சிக்கலும். போன வருடக் காரை வாங்கிப் பிழைக்கும் அணி, தாய் அணியின் தவறையும் ஒரு வருடம் தாமதமாக வாங்கிக்கொள்ளும். 2008க்கு அவர்களுக்குக் கிடைத்தது ஹோண்டாவே தோற்றுப்போன 2007 கார். விளம்பரதாரர் ஒருவர் சொன்ன பணத்தைத் தரவில்லை, அணியை வாங்க வந்தவர்களும் பின்வாங்கினார்கள், ஹோண்டாவின் கைக்கும் எல்லை இருந்தது. 2008 மே 6 அன்று விலகிவிட்டார்கள். ஏ23ஐ வாங்கியதால் அவர்கள் அழியவில்லை. ஏ23க்குப் பிறகு தங்களுக்கென்று ஒரு காரை வரையும் குழுவை வளர்க்கவில்லை, வேறு யாரிடமிருந்தும் பணம் வர வழி செய்யவில்லை. என் பார்வையில் தவறு 2006இல் இல்லை, 2007இல்தான். அந்த நாலு புள்ளி அவர்களை மயக்கிவிட்டது.

ஆகவே என்னைக் கேட்டால்: அனுமதி கையில் இருக்கிறது, மெதுவான காரையும் விதி உள்ளே விடுகிறது, பழைய காரை அறிந்த ஆட்கள் இருக்கிறார்கள், அடுத்த காரை வரைபவருக்கு இன்றே சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால் பழைய காரை எடுக்கலாம். இந்த நான்கில் கடைசியானது இல்லாவிட்டால், மற்ற மூன்றும் இருந்தும் நான் எடுக்கமாட்டேன். பணம் மட்டும் தாராளமாக இருந்தால் ஓடும் அணியை வாங்குவேன். பணமும் பொறுமையும் இருந்தால் டொயோட்டாவைப்போல ஒரு வருடம் காத்திருப்பேன். ஆறு மாதத்தில் சொந்தக் கார் என்று யாராவது சொன்னால் லோலாவின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

இன்றைய ஃபார்முலா ஒன்னில் இந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. காரின் கூடு, காற்றியக்கப் பாகங்கள் போன்றவற்றை ஒவ்வொரு அணியும் தானே வடிவமைக்கவேண்டும் என்று விதி இறுகிவிட்டது. மற்ற பாகங்களை வாங்கலாம். அந்த இடைவெளியைச் சரியாகப் பயன்படுத்தியது ஹாஸ். அனுமதி கிடைத்தும் அவசரப்படாமல் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, கூட்டை டல்லாராவிடம் செய்யக் கொடுத்து, வாங்க அனுமதி உள்ளதையெல்லாம் ஃபெராரியிடம் வாங்கி, 2016 மெல்பர்னில் வந்து நின்றது. ரொமேன் குரோஜான் ஆறாவதாக வந்தார். முதல் பந்தயத்திலேயே, அப்போதைய புள்ளி முறைப்படி, எட்டுப் புள்ளி.